வெயிலும் மரணமும் குளிர்சாதனமும்: பல நாடுகளின் அனுபவம்

கோடை வெயில் நம் நாட்டவர்க்குப் புதிதன்று. அக்கினி நட்சத்திர நாட்களில் வெயில் ஏறுமுன்னரே ஏரை அவிழ்த்துவிட்டு நிழலுக்குத் திரும்புவதும், விடியற்காலையிலேயே தறியில் அமர்ந்து உச்சிப் பொழுதிற்குள் அன்றைய நெசவில் பெரும்பகுதியை முடித்துக் கொள்வதும் நம் முன்னோர் கண்ட வழக்கங்களே. ஆதலால், வெயிலால் மக்கள் மடிவது வெப்ப நாடுகளில்தான் மிகுதி என்றும், குளிர்ந்த மேல் நாடுகளில் வாழ்வோர்க்கு அக்கவலை இல்லை என்றும் நம்மிற் பலர் எண்ணுவது இயல்பு. ஆனால், நடந்த செய்திகள் வேறு விதமாக இருக்கின்றன.

2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் இருபது நாட்களில் பிரான்சு தேசத்தில் மட்டும், வழக்கமாக நிகழும் மரணங்களுக்கு மேல் 14,800 பேர் இறந்து போயினர். அவ்வாண்டுக் கோடையில் ஐரோப்பாக் கண்டம் முழுவதிலும் அவ்வாறு இறந்தவர்களின் தொகை 70,000-க்கு மேற்பட்டது எனப் பின்னர் ஆராய்ந்தோர் கணித்தனர். செல்வமும் மருத்துவ வசதியும் நிறைந்த நாடுகளில், நமது சித்திரை மாதத்து வெயிலை விஞ்சாத வெப்பத்தில், இத்தனை உயிர்கள் எவ்வாறு போயின? அதே சமயம் அவற்றைக் காட்டிலும் கடுமையான வெயிலுடைய அமெரிக்கத் தென் மாநிலங்களில் இவ்வளவு சேதம் நேராதது ஏன்? இவ்வினாக்களுக்குப் பலர் கூறும் விடை ஒரே சொல்லில் அடங்கும். அஃது, ஏர் கண்டிஷனர் எனப்படும் குளிர்சாதன இயந்திரம் என்பதே. அவ்விடை எவ்வளவு தூரம் உண்மை என்பதையும், தறியிலும் வயலிலும் உழைக்கும் நமக்கு அதனால் விளங்குவது யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கணக்கு எழுதும் முறை

ஒரு சங்கத்தின் கணக்கை மற்றொரு சங்கத்தின் கணக்கோடு ஒப்பிடுமுன், இரண்டும் ஒரே முறையில் எழுதப்பட்டனவா என்பதைத் தணிக்கையாளர் முதலில் பார்ப்பார். வெப்ப மரணங்களின் கணக்கிலும் அந்த எச்சரிக்கை வேண்டும்.

இக்கணக்கு இரண்டு வகையாக எழுதப்படுகிறது. இறந்தவரின் மரணச் சான்றிதழில் வெப்பமே காரணம் என்று மருத்துவர் குறித்திருந்தால் மட்டும் எண்ணுவது ஒரு முறை. வெயில் கடுமையாக இருந்த நாட்களில் நிகழ்ந்த எல்லா மரணங்களையும் கூட்டி, அதே காலத்தில் வழக்கமாக நிகழக்கூடிய மரணங்களைக் கழித்து, மிஞ்சியதை வெப்பத்தின் கணக்கில் எழுதுவது மற்றொரு முறை. இதய நோயுள்ள முதியவர் ஒருவர் கடும் வெயிலின் மூன்றாம் நாள் மாரடைப்பினால் இறந்தால், முதல் முறையில் அவர் வெப்பத்தால் இறந்தவராகமாட்டார். இரண்டாம் முறையில் அவரும் கணக்கில் வருவார். ஆகவே முதல் முறையில் தொகை சிறுத்தும், இரண்டாம் முறையில் பெருத்தும் காணப்படும்.

2022ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவின் 35 நாடுகளில் வெப்பத்தால் 61,600 பேருக்கு மேல் இறந்தனர் என்பது இரண்டாம் முறையை ஒத்த கணிப்பு. அதில் இத்தாலியின் பங்கு 18,000. ஸ்பெயின் தேசத்தின் பங்கு 11,300. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2023ஆம் ஆண்டில் 2,300 பேருக்குச் சற்று மேற்பட்டோர் வெப்பத்தால் இறந்தனர் என்பதோ மரணச் சான்றிதழ்களின் கணக்கு. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, ஐரோப்பியர் அமெரிக்கரைவிட இத்தனை மடங்கு மடிகின்றனர் என்று கூறுவது தவறான ஒப்பீடாகும். நம் நாட்டில் 2015ஆம் ஆண்டில் 2,000 பேருக்கு மேல், பெரும்பாலும் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும், வெயிலுக்கு இரையானதாக வெளிவந்த தொகையும் கண்ணுக்குத் தெரிந்த மரணங்களின் கணக்கேயன்றி முழுக் கணக்கன்று.

உலகம் முழுவதையும் ஒரே முறையில் அளந்து பார்த்த ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. அதன்படி 2000 முதல் 2019 வரையுள்ள காலத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 4,89,000 பேர் வெப்பத்தின் காரணமாக இறந்திருக்கின்றனர். இவர்களில் நூற்றுக்கு 45 பேர் ஆசியாவினர். 36 பேர் ஐரோப்பியர். உலக மக்களில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கினரே ஐரோப்பாவில் வாழ்கின்றனர் என்பதை நினைத்தால், அக்கண்டத்தின் பங்கு அளவுக்கு மிஞ்சியதென்பது விளங்கும். குளிரினால் நேரும் மரணங்கள் இதைக் காட்டிலும் பன்மடங்கு என்றும் அதே ஆராய்ச்சி கூறுகிறது. எனினும், பூமியின் வெப்பம் ஆண்டுதோறும் உயர்ந்து வரும் இக்காலத்தில் வெயிலின் கணக்கையே நாம் கவலையுடன் நோக்க வேண்டியுள்ளது.

வெப்பம் உயிரைக் குடிக்கும் விதம்

மனித உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்க வேண்டும். வெளியில் வெப்பம் மிகும்போது உடல் இரண்டு உபாயங்களைக் கையாள்கிறது. இரத்தத்தைத் தோலின் பக்கமாக அதிகம் ஓடச் செய்து சூட்டை வெளியேற்றுவது ஒன்று. வியர்வையைச் சுரந்து, அது ஆவியாகும்போது குளிர்ச்சி பெறுவது மற்றொன்று. முன்னதனால் இதயத்தின் வேலை பளு கூடுகிறது. பின்னதனால் உடலின் நீரும் உப்பும் குறைகின்றன. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ஆகவே குளிர்ச்சியும் உண்டாகாது. வறண்ட காற்றில் 40 டிகிரி வெயிலைத் தாங்கும் உடல், கடற்கரைப் புழுக்கத்தில் அதனினும் குறைந்த வெப்பத்திற்கே சோர்ந்து விடுவது இதனால்தான்.

உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, அறிவு தடுமாறத் தொடங்கினால் அது வெப்பத் தாக்கு எனப்படும். உடனே உடலைக் குளிர்விக்காவிடில் மூளையும் சிறுநீரகமும் பழுதுபட்டு உயிர் போகும். முதியோர்க்கு வியர்வை குறைவு, தாகமும் எளிதில் தோன்றுவதில்லை. இதய நோயாளருக்கு மேற்சொன்ன பளுவைச் சுமக்கும் வலிமை இல்லை. வெயிலில் குனிந்து உழைப்போர்க்கோ வெளி வெப்பத்துடன் உடலுழைப்பின் சூடும் சேர்ந்து கொள்கிறது. இம்மூவகையினரே எந்த நாட்டிலும் முதலில் பலியாகின்றனர்.

இரவின் வெப்பமும் கவனிக்கற்பாலது. பகலில் இளைத்த உடல் இரவில்தான் தேறுகிறது. இரவிலும் வீடு அனலாகவே இருந்தால், இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் உடலுக்குத் தாங்கும் திறன் குறைந்துகொண்டே போகும். பாரிஸ் நகரத்தில் 2003இல் நேர்ந்தது அதுவே. குளிரைத் தடுப்பதற்கென்றே கட்டப்பட்ட வீடுகளின் கூரையடி அறைகளில் முதியோர் பலர் தனித்து வாழ்ந்தனர். ஆகஸ்டு மாதம் அந்நாட்டவர்க்கு விடுமுறைக் காலம். உற்றாரும் அண்டை வீட்டாரும் ஊரை விட்டுச் சென்றிருந்தனர்.

பஞ்சாலையில் பிறந்த சொல்

குளிர்சாதன இயந்திரத்தின் வரலாற்றில் நெசவாளர்க்கு உவப்பான செய்தி ஒன்று உண்டு. அவ்வியந்திரம் முதலில் மனிதருக்காகச் செய்யப்பட்டதன்று. 1902ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ண அச்சுப் பிசகியதால், அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பொருட்டு வில்லிஸ் காரியர் என்ற இளம் பொறியாளர் அதனை வகுத்தார். ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரை அதற்கு வழங்கியவரோ வட கரோலைனா மாநிலத்துப் பஞ்சாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிராமர். ஆண்டு 1906. நூலுக்கு ஈரமூட்டிப் பதப்படுத்துவதை ஆலைக்காரர்கள் ‘கண்டிஷனிங்’ என்று கூறி வந்தனர். காற்றையே பதப்படுத்தினால் இழை அறாது என்று கண்ட கிராமர், அச்சொல்லையே காற்றுக்கும் ஆக்கினார்.

நம் குழித்தறியின் குழியும் இதே நோக்கத்திற்குத் துணை செய்வதை நாம் அறிவோம். மண்ணின் ஈரம் பாவு நூலைப் பதமாக வைத்திருக்கும். உலர்ந்த காற்றில் இழை அறும். ஆனால் நூலுக்கு இதமான அவ்வீரமே நெய்வோர்க்குப் புழுக்கமாகிறது என்பதையும் இங்கே குறித்து வைப்போம். இதற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

காகிதத்திற்கும் நூலுக்கும் பயன்பட்ட பிறகே அவ்வியந்திரம் திரையரங்குகளுக்கும், பின்னர் வீடுகளுக்கும் வந்தது. 1960ஆம் ஆண்டில் அமெரிக்க வீடுகளில் நூற்றுக்குப் பன்னிரண்டில் மட்டுமே அது இருந்தது. இன்று ஏறக்குறைய 90 வீடுகளில் இருக்கிறது.

அமெரிக்காவின் சான்று

இம்மாறுதலால் மரணம் குறைந்ததா என்பதைப் பொருளாதார அறிஞர் சிலர் இருபதாம் நூற்றாண்டு முழுவதற்குமான மரணப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். சராசரி வெப்பம் 80 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 27 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட நாட்களில் உண்டாகும் அதிகப்படி மரணம், 1960-க்குப் பின் நூற்றுக்கு 75 பங்கு குறைந்துவிட்டது என்று கண்டனர். மருத்துவர்களின் பெருக்கம், மின்சார வசதி ஆகியவற்றையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தனர். அவற்றால் இக்குறைவை விளக்க முடியவில்லை. வீட்டுக் குளிர்சாதனமே ஏறக்குறைய முழுக் காரணம் என்பது அவர்கள் முடிவு.

இதுமட்டுமாயின் விஷயம் எளிதாக முடிந்துவிடும். ஆனால் கனடா, ஜப்பான், ஸ்பெயின், அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் விவரங்களை 1972 முதல் 2009 வரை ஒப்பிட்டு 2020இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி வேறு முடிவைத் தருகிறது. நான்கு நாடுகளிலும் வெப்ப மரணத்தின் பங்கு குறைந்தது உண்மையே. ஜப்பானில் மொத்த மரணங்களில் வெப்பத்தால் நேர்ந்தவை நூற்றுக்கு மூன்றரையிலிருந்து ஒன்றுக்குச் சற்று மேலாகவும், அமெரிக்காவில் 1.7-லிருந்து அரையளவாகவும் இறங்கின. ஆயினும், அக்குறைவில் ஏழில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையே குளிர்சாதனத்தின் பரவலால் விளைந்தது என்றும், எஞ்சியது வேறு காரணங்களால் விளைந்தது என்றும் அவ்வாராய்ச்சியாளர் கணித்தனர்.

ஒரு சாரார் இயந்திரமே எல்லாம் என்கின்றனர்; மற்றொரு சாரார் அது ஒரு பகுதியே என்கின்றனர். முறைகளும் காலங்களும் வேறாதலால் இம்முரண் தோன்றியிருக்கலாம். இயந்திரம் உயிரைக் காக்கிறது என்பதில் இரு சாராருக்கும் ஐயமில்லை. அந்த ‘வேறு காரணங்கள்’ எவை என்பதே நாம் அறிய வேண்டுவது. அவற்றைச் சில ஊர்களின் அனுபவத்தால் அறியலாம்.

சிகாகோ நகரின் இரண்டு பேட்டைகள்

1995ஆம் ஆண்டு ஜூலை மாத நடுவில் சிகாகோ நகரத்தில் ஒரு வாரத்திற்குள் 739 பேர் வழக்கத்திற்கு மேல் இறந்தனர். பின்னர் மருத்துவ அறிஞர்கள் இறந்தோர் வீடுகளையும் பிழைத்தோர் வீடுகளையும் ஒப்பிட்டனர். வேலை செய்யும் குளிர்சாதன இயந்திரம் வீட்டில் இருந்தவர்க்கு ஆபத்து மிகக் குறைவாக இருந்தது. படுத்த படுக்கையாக இருந்தவர்க்கும் தனித்து வாழ்ந்தவர்க்கும் ஆபத்து மிகுதியாக இருந்தது.

எரிக் கிளைனன்பெர்க் என்னும் சமூகவியல் அறிஞர் மேலும் ஒரு படி சென்று, வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல் என அடுத்தடுத்திருந்த இரண்டு பேட்டைகளை ஆராய்ந்து 2002இல் நூலாக எழுதினார். இரண்டும் ஏழைப் பேட்டைகள். தனித்து வாழும் முதியோர் இரண்டிலும் ஏறக்குறைய ஒத்த விகிதத்தினர். வெயிலும் ஒன்றே. ஆனால் வடக்குப் பேட்டையில் இலட்சம் பேருக்கு 40 பேரும், தெற்குப் பேட்டையில் 4 பேருமே மாண்டனர். தெற்கில் கடைவீதி கலகலப்பாக இருந்தது. முதியோர் வெளியே வந்து, கடைகளின் குளிர்ச்சியில் நின்று, நாலு பேருடன் பேசிச் சென்றனர். வடக்கில் கடைகள் மூடப்பட்டு, வீதிகள் பாழடைந்து, திருட்டுக்கு அஞ்சி முதியோர் கதவைத் தாளிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தனர். எவரும் வந்து கதவைத் தட்டவில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலும் இதே பாடம் கிடைத்தது. 2021ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், என்றும் கண்டிராத வெயில் அங்கே அடித்தது. லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவாயிற்று. ஒரு வாரத்தில் வெப்பத்தால் இறந்த 619 பேரில் நூற்றுக்கு 98 பேர் வீட்டினுள் கிடந்தே இறந்தனர். நூற்றுக்கு 56 பேர் தனித்து வாழ்ந்தவர்கள். நூற்றுக்கு 67 பேர் 70 வயதை எட்டியவர்கள். குளிர்சாதனம் அவர்களிற் பெரும்பாலோர்க்கு இல்லை.

இயந்திரமின்றியும் உயிர்களைக் காக்க இயலும் என்பதற்குப் பிரான்சு நாடே சான்று. 2003இன் பேரிழப்பிற்குப் பின், அந்நாட்டு அரசினர் மறு ஆண்டே ஒரு திட்டம் வகுத்தனர். வெயில் வருவதை முன்கூட்டி அறிவிப்பது, ஒவ்வொரு நகர மன்றமும் தனித்து வாழும் முதியோர் பெயர்களைப் பதிந்து வைத்து அவர்களை விசாரிப்பது, முதியோர் இல்லங்களில் ஒரு குளிர்ந்த அறையேனும் அமைப்பது ஆகியவை அதன் அம்சங்கள். 2006ஆம் ஆண்டு ஜூலையில் மீண்டும் கடும் வெயில் வந்தது. பழைய அனுபவத்தின்படி 6,400 பேர் இறந்திருக்க வேண்டும் என்று கணித்த அறிஞர்கள், உண்மையில் இறந்தோர் ஏறத்தாழ 2,000 பேரே எனக் கண்டனர். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் பிரெஞ்சு வீடுகள் யாவும் இயந்திரம் வாங்கிவிடவில்லை. மக்கள் விழிப்படைந்திருந்தனர்; முதியோரை விசாரிக்க ஆட்கள் இருந்தனர்.

இயந்திரம் இருந்தும் மாண்டவர்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள மாரிகோபா மாவட்டம் குளிர்சாதனம் இன்றி வாழ முடியாத பாலை நிலம். அதன் தலைநகரான பீனிக்ஸில் 2023ஆம் ஆண்டு தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது. அவ்வாண்டு அம்மாவட்டத்தில் வெப்பத்தால் இறந்தோர் 645 பேர். இவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வீடற்றவர்கள். வீட்டினுள் இறந்தவர்களிலும் பலருடைய வீட்டில் இயந்திரம் இருந்தது. ஆனால் அது பழுதாகிக் கிடந்தது, அல்லது ஓடவில்லை.

ஜப்பானில் வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறில் இயந்திரம் உண்டு. அங்கும் 2018ஆம் ஆண்டில் 1,581 பேர் வெப்பத் தாக்கினால் இறந்தனர். பெரும்பாலோர் 65 வயது கடந்தவர். மின்சாரக் கட்டணத்திற்கு அஞ்சியோ, பழக்கமின்மையாலோ, வெப்பம் உறைக்காமையாலோ இயந்திரத்தை முடுக்காமலே இருந்துவிடும் முதியோர் அந்நாட்டில் பலர். 2011இல் புகுஷிமா அணு மின் நிலைய விபத்திற்குப் பின் மின்சாரச் சிக்கனம் வற்புறுத்தப்பட்டபோது, அதனால் கோடை மரணங்கள் கூடின என்று அறிஞர் இருவர் ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

இயந்திரத்தின் கூரைக்குள் வராதவர் மற்றொரு வகையினர். வளைகுடா நாடுகளில் வீடு, கடை, வாகனம் யாவும் குளிரூட்டப்பட்டவை. ஆயினும் அக்கட்டடங்களை எழுப்பும் தொழிலாளிக்கு வெயிலே கூரை. நம் தமிழ் நாட்டிலிருந்து சென்ற பலர் அவர்களுள் உளர். அவர்களைக் காக்க உதவுவது வேலை நேரச் சட்டமே. கத்தார் நாட்டில் 2021ஆம் ஆண்டின் விதிப்படி ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் வேலை வாங்குதல் கூடாது.

இவற்றுடன், இயந்திரம் அறையின் சூட்டை அழித்துவிடுவதில்லை, வெளியே தள்ளிவிடுகிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். பீனிக்ஸ் நகரில் சில இடங்களில் இரவு வெப்பம் இதனால் ஒரு டிகிரிக்கு மேல் உயர்கிறது என்று ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். ஆகவே இயந்திரம் உடையவர் அறை குளிர, இல்லாதவர் தெரு சூடேறுகிறது. 2018இல் சர்வதேச எரிசக்தி முகமை வெளியிட்ட அறிக்கையின்படி, உலகின் மிக வெப்பமான பகுதிகளில் வாழும் 280 கோடி மக்களில் நூற்றுக்கு 8 பேரே குளிர்சாதனம் உடையவர். மிகவும் தேவைப்படுவோரிடம் அது மிகவும் குறைவாக இருக்கிறது.

நம் நாட்டு அனுபவம்

ஆமதாபாத் நகரம் நெசவாலைகளால் பெயர் பெற்றது. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கு 46.8 டிகிரி வெயில் அடித்தது. அம்மாதத்தில் வழக்கத்திற்கு மேல் 1,344 பேர் இறந்தனர் என்பது பின்னர் கண்ட உண்மை. அதன் விளைவாக அந்நகராட்சி 2013இல் வெயில் செயல் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. தெற்காசியாவில் அதுவே முதலாவது. வெயிலின் கடுமையை நிறங்களால் முன்னறிவித்தல், மருத்துவமனை ஊழியர்க்குப் பயிற்சி, தண்ணீர்ப் பந்தல், ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசுதல் ஆகியன அதில் அடங்கும். அத்திட்டத்தால் ஆண்டுதோறும் ஆயிரத்திற்கு மேற்பட்ட மரணங்கள் தவிர்க்கப்பட்டதாக 2018இல் ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது.

அதே நகரில் நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து இலா பட் அம்மையார் 1972இல் தோற்றுவித்த ‘சேவா’ என்னும் சுயதொழில் மகளிர் சங்கம், கூட்டுறவாளர்கள் கவனிக்கத் தக்க ஒரு முயற்சியைத் தொடங்கியுள்ளது. வெயில் குறித்த அளவைத் தாண்டும் நாட்களில், உறுப்பினர் வேலைக்குச் செல்லாமல் இருந்தாலும் ஓரளவு வருமானம் கிட்டும்படி அமைந்த காப்பீடே அது. 2024ஆம் ஆண்டில் மூன்று மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 50,000 பெண்கள் அதில் சேர்ந்திருந்தனர். வெயிலுக்கு அஞ்சி வீட்டிலிருந்தால் அடுப்பு எரியாது என்ற நிலையிலுள்ளவர்க்கு, இயந்திரத்தைவிட அன்றைய கூலியே உயிர்காப்பு என்பதை அவ்வம்மையார்கள் உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

தமிழ் நாட்டு அரசும் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தோர் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் உதவித் தொகை பெற அதனால் வழி ஏற்பட்டுள்ளது. மரணத்தின் காரணம் முறைப்படி பதிவானால்தான் இவ்வுதவி கிட்டுமாதலால், முன்னே கூறிய கணக்கு முறை நமக்கும் நெருங்கிய விஷயமாகிறது.

சங்கங்கள் செய்யத் தக்கவை

நெசவாளர் வீடு தோறும் குளிர்சாதனம் வரும் காலம் வரட்டும். ஒரு டன் அளவுள்ள இயந்திரம் ஓடும் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். அந்த ஒரு யூனிட்டைக் கொண்டு 75 வாட் மின்விசிறியைப் பதின்மூன்று மணி நேரம் சுழற்றலாம். ஆயினும் மின்விசிறிக்கும் எல்லை உண்டு. அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அது அனற்காற்றை மேலே வீசி உடலை மேலும் சூடேற்றும் என உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கிறது. அந்நிலையில் ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொள்வதும், குளிர்ந்த இடத்திற்குச் செல்வதுமே தக்கவை.

ஆகவே, பல நாடுகளின் அனுபவத்திலிருந்து நம் சங்கங்கள் மேற்கொள்ளத் தக்க சில காரியங்களை அங்கத்தினர் முன் வைக்கிறோம்.

முதலாவது, பொதுக் குளிர் அறை. வீட்டிற்கு ஓர் இயந்திரம் வாங்க இயலாவிடினும், சங்கக் கட்டடத்தில் ஓர் அறையைக் குளிர்வித்து, வெயில் கடுமையான நாட்களில் பகல் 12 முதல் 4 மணி வரை முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோயாளருக்கும் திறந்து வைக்கலாம். சிகாகோவின் தெற்குப் பேட்டையில் கடைகள் ஆற்றிய பணியை நம் ஊரில் சங்கம் ஆற்றலாம்.

இரண்டாவது, பெயர்ப் பதிவு. தனித்து வாழும் முதிய அங்கத்தினர், பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட பெற்றோர் ஆகியோரின் பெயர்களைக் கோடைக்கு முன்னரே குறித்து, ஒவ்வொருவரையும் நாள்தோறும் இருமுறை விசாரிக்க ஓர் அண்டை வீட்டாரை நியமிக்க வேண்டும். இதற்குச் செலவு யாதுமில்லை. பிரான்சு நாட்டை 2006இல் காத்தவற்றுள் இதுவும் ஒன்று.

மூன்றாவது, கூரை. தகரத்தாலும் சிமெண்டுத் தகடுகளாலும் வேய்ந்த தறிக்கூடங்கள் பகலில் அடுப்பாகின்றன. மேற்புறத்தில் சுண்ணாம்பையோ வெண்பூச்சையோ பூசினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். பல தறிக்கூடங்களுக்கும் வேண்டிய பூச்சைச் சங்கமே மொத்தமாகக் கொள்முதல் செய்து வழங்கலாம்.

நான்காவது, காற்றோட்டமும் வேலை நேரமும். இழை அறாதிருக்க ஈரத்தைப் பேணும் தறி அறையில் நெய்வோரின் வியர்வை உலராது என்பதை முன்பே கண்டோம். அத்தகைய அறையில் வெயில் நாட்களில் நண்பகல் நெசவை நிறுத்தி, காலையிலும் மாலையிலும் பகிர்ந்து கொள்வதே நன்று. களையெடுப்பு, அறுவடை ஆகிய வயல் வேலைகளுக்கும் இவ்வாறே நேரம் மாற்ற வேண்டும். நேர மாற்றத்தால் கூலி குறையாதபடி பார்த்துக்கொள்வது சங்கத்தின் கடமை. துணி ஒப்படைக்கும் கெடுவைக் கோடையில் சில நாள் தளர்த்தினால், எவரும் உச்சி வெயிலில் உயிரைப் பணயம் வைத்து நெய்ய வேண்டியிராது.

ஐந்தாவது, முதலுதவி. வெயிலில் ஒருவர் மயங்கினாலோ, பிதற்றினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ, அவரை உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டியோ ஈரத்துணியோ வைக்கலாம். நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டலாகாது. 108 வண்டியை அழைத்துவிட்டு, அது வருமளவும் குளிர்விப்பதை நிறுத்தாதிருக்க வேண்டும். இதனை ஒவ்வொரு தறிக்கூடத்திலும் எழுதி ஒட்டலாம்.

முடிவுரை

குளிர்சாதன இயந்திரம் கோடிக்கணக்கான மக்களுக்கு நன்மை செய்த சாதனம். அதனை ஆடம்பரம் என்று இகழ்வது முறையன்று; மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் அது இன்றியமையாதது. ஆனால் ஒரு நாட்டில் வெயிலுக்கு எத்தனை பேர் மடிகின்றனர் என்பது எத்தனை இயந்திரங்கள் உள்ளன என்பதை மட்டும் பொறுத்ததன்று. அதை இயக்கும் மின்சாரத்திற்குப் பணம் கொடுக்க யாரால் முடியும், யார் வெயிலில் நின்று உழைக்கின்றனர், யார் தனித்து விடப்பட்டுள்ளனர் என்பவற்றையும் பொறுத்தது. இம்மூன்றும் தனியொருவரால் தீர்க்கக் கூடியவையல்ல. தனியொருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதற்கே நாம் சங்கம் கண்டோம்.

அடுத்த மாதப் பொதுக் கூட்டத்தில் பருத்தி நூல் விலையும் பயிர்க் கடனும் பேசப்படும்போது, நம் ஊரில் தனித்திருக்கும் முதியோர் எத்தனை பேர் என்ற கேள்வியையும் அங்கத்தினர் ஒருவர் எழுப்புவாராக. அப்பட்டியல் பங்குனி முடிவதற்குள் எழுதப்பட்டுவிட்டால், சித்திரை வெயிலை நம் சங்கம் ஆயத்தத்துடன் எதிர்கொள்ளும்.